எந்த விலங்கை முதலில் உடைப்பது?

விடுதலை வேண்டி எழும் இயக்கங்கள் பலவற்றிலும் ஒரு வாதம் ஒலிக்கக் கேட்கின்றோம். "இன விடுதலை கிட்டட்டும், சாதியைப் பின்னர் கவனிப்போம்" என்பர் சிலர். "சாதி ஒழியட்டும், பெண்ணின் குறையைப் பின்னர் கேட்போம்" என்பர் வேறு சிலர். கொடுமைகளை இவ்வாறு வரிசைப்படுத்த முடியுமா?

நமது வரலாற்றையே நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிதலாகாது என்ற கட்டுப்பாடு முன்னர் நிலவியது. இது சாதிக் கொடுமையா, பெண்ணுக்கு இழைத்த கொடுமையா? உயர்சாதிப் பெண்ணுக்கு இத்தடை இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட ஆணும் சட்டை அணியத் தடுக்கப்பட்டானெனினும், அவள் அடைந்த மானக்கேட்டை அவன் அடையவில்லை. சாதியும் பாலும் ஓருடலிலே சந்தித்த இடத்திற் பிறந்த கொடுமை அது. அதனை இரண்டாகப் பிளந்து காட்ட எவராலும் இயலாது.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று இந்நிலை. 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இதனை எடுத்துரைத்தார். வேலையிழந்த கறுப்பினப் பெண்கள் நீதி கேட்டபோது, இனப் பாகுபாட்டையும் பாற் பாகுபாட்டையும் இணைத்து முறையிட நீதிமன்றம் இடமளிக்கவில்லை. கறுப்பின ஆணுக்கும் வெள்ளையினப் பெண்ணுக்கும் சட்டத்திலே இடமிருந்தது, இவர்களுக்கு இல்லை.

1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் நம் பெருமைக்குரியவை. ஆயின், கோயிற் கதவைத் தட்டிய கை வீட்டுக் கதவைத் தட்டிற்றா? தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவன் எழுத்திலே சம்மதித்தாலன்றி விற்க முடியாது.

பாலுறவைப் பற்றிப் பேசவே நம்மிற் பலர் கூசுகின்றோம். காலனித்துவ ஆட்சியினர் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமெனக் கொண்டது. 1995இல் அதனைத் திருத்தியவர்கள் பெண்களையும் அதனுள் அடக்கினர். விலங்கை உடைக்காது இருபாலார்க்கும் பங்கிட்டனர்!

இவற்றையெல்லாம் ஒருங்கே பேசினால் ஒற்றுமை குலையும் என்று அஞ்சுவோர் உளர். 2017இல் நமது புத்தூரின் மேற்கிலே, குடியிருப்புக்களின் நடுவேயுள்ள மயானத்தை அகற்றக் கோரி ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியபோது பெண்களும் முன்னின்றனர். போராட வா என்று பெண்ணை அழைக்கும் இயக்கம், அவள் தனக்குரிய நீதியைக் கேட்கும்போது பொறுத்திரு என்பது எங்ஙனம் நியாயமாகும்? ஒவ்வொரு முறையும் காத்திருக்குமாறு பணிக்கப்படுபவர் எவரோ, அவரது இடத்திலிருந்தே நம் கோரிக்கைகளை எழுதத் தொடங்குவோம். அவருடைய விலங்குகள் யாவும் உடைந்தால் ஏனையோருடையவை எஞ்சியிரா.