நம்பிய பிறகுதான் உதவியா?



கோயில் அன்னதான வரிசையில் நிற்பவரிடம், “உங்களுக்கு நிஜமாவே பசிக்குதா?” என்று நாம் யாரும் கேட்பதில்லை. சோற்றைப் போடுகிறோம், அவ்வளவுதான். ஆனால், “என்னைப் பிடிச்சு அடைச்சு வச்சு சித்திரவதை செஞ்சாங்க, அதனாலதான் நாட்டை விட்டு ஓடி வந்தேன்” என்று ஒருவர் சொல்லட்டும். நம் மனசுக்குள் உடனே ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்துவிடுகிறார். இவர் சொல்வது உண்மையா? பிழைக்க வந்துட்டு கதை விடுறாரா? ஒருவருக்கு உதவி செய்ய, முதலில் அவரை நம்பியாக வேண்டுமா?

அடைக்கலம் கொடுக்கும் அரசாங்கம் ஆதாரம் கேட்கும். அதில் தப்பில்லை. விசாரிக்காமல் முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்த விசாரணை எப்படியெல்லாம் தடுமாறும் என்பதற்கு நம்மவர் ஒருவருடைய வழக்கே உண்டு. 2011-இல் பிரிட்டனுக்குப் போன இலங்கைத் தமிழர் அவர். தீர்ப்பில் பெயர் கிடையாது, கே.வி. என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். தடுப்புக் காவலில் சுட்டார்கள் என்றார். தீர்ப்பாயமோ, அடைக்கலம் வாங்குவதற்காக இவரே யாரையோ வைத்துச் சுட்டுக்கொண்டார் என்ற முடிவுக்கு வந்தது! 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுபடியும் விசாரிக்கச் சொன்னது. அப்படி ஒருவர் தன் உடம்பைத் தானே சுட வைத்துக்கொள்வது மிக மிக அபூர்வம் என்றும் எழுதியது.

நடுவில் போனது எட்டு வருஷம். சட்டம் அதன் வேகத்தில்தான் நகரும். ஆனால் மனிதனுக்கு இன்றைக்கு ராத்திரி படுக்க இடம் வேண்டும், நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் அலறி எழுந்தால் “ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன்” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இதெல்லாம் தீர்ப்பு வரும்வரை காத்திருக்குமா?

“முன்னுக்குப் பின் முரணாப் பேசுறாரே” என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. கொசோவோ, போஸ்னியா அகதிகள் 39 பேரை பிரிட்டனில் இரண்டு தடவை பேட்டி எடுத்து 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுக்கு ஏற்கெனவே அங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது, பொய் சொல்லி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்படியும் முதல் தடவை சொன்னதற்கும் இரண்டாம் தடவை சொன்னதற்கும் வித்தியாசங்கள் இருந்தன, முக்கியமாகச் சின்னச் சின்ன விவரங்களில். மனக்காயம் ஆழமாக உள்ளவர்களிடம், இடைவெளி நீள நீள வித்தியாசம் கூடியது. அப்படியென்றால் முரண் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். சித்திரவதை பெரும்பாலும் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. மூடிய அறை, ஒரு மேசை, எதிரே ஓர் அதிகாரி. “உன்னோட யார் இருந்தா? எந்தத் தேதி? திரும்பச் சொல்லு.” அடைக்கலப் பேட்டியும் அதே மாதிரி அறை, மேசை, தேதி. கேட்பவர் நல்லவராகவே இருந்தாலும் உடம்புக்கு அது தெரியாது. அந்த அறையிலிருந்து வெளியே வருபவரிடம் நாமும் போய், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்?

ஹெலன் பாம்பர் என்ற யூதப் பெண்மணி, 1945-இல் தன் இருபதாவது வயதில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு உதவி செய்யப் போனார். உயிர் தப்பியவர்கள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். 1985-இல் லண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காக அவர் ஆரம்பித்த அமைப்பு, இன்றைக்கு ‘ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர்’ என்ற பெயரில் நடக்கிறது. அங்கே டாக்டர்களும் மனநல ஆலோசகர்களும் உண்டு, தழும்புகளைப் பரிசோதித்து அறிக்கையும் எழுதுகிறார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது அவர்களுடைய தோட்டத் திட்டம். ஆளுக்கொரு துண்டு நிலம். அங்கே கதை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மண்ணைக் கொத்தி விதை போடலாம். சொல்ல நினைப்பவர் சொல்வார், மற்றவர் களை பிடுங்குவார். தானாகச் சொல்வதும் சொல்ல வைக்கப்படுவதும் ஒன்றா?

நம் மலேசியாவுக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் நம் நாடு சேரவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் 180,000-க்கு மேல். பெரும்பாலானவர்கள் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், இலங்கைத் தமிழர்களும் இருக்கிறார்கள். கையில் ஒரு கார்டு, அவ்வளவுதான். முறையாக வேலை செய்ய அனுமதி கிடையாது, பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடம் கிடையாது. அரசாங்க மருத்துவமனையில் கார்டைக் காட்டினால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதியே பலருக்குத் தலைக்கு மேல் வெள்ளம். பௌத்த அமைப்பான ட்ஸூ ச்சி இவர்களுக்கு இலவச கிளினிக்கும் வகுப்பும் நடத்துகிறது. நம் சங்கங்கள் என்ன செய்கின்றன?

நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து தமிழ். இலங்கைத் தமிழர் ஒருவர் “அடிச்சவங்கள்” என்பார். ஓர் அறையும் அடிதான், மூன்று நாள் கட்டித் தொங்கவிட்டதும் அடிதான். “பிரச்சினை நேரம்” என்றால் போர்க்காலம். மொழிபெயர்ப்பவருக்கு இந்தக் காது வேண்டும். அதற்காகத் தானே கூட்டிச் சொல்லவும் கூடாது. “இந்த வார்த்தைக்கு இங்கே அர்த்தம் பெரிசு, தெளிவாகக் கேளுங்கள்” என்று டாக்டரிடமோ அதிகாரியிடமோ சொல்லலாம். கேட்டதை வெளியில் ஒருவரிடமும் சொல்லக் கூடாது, வீட்டில்கூட.

“ஏமாத்துறவன் வந்தா?” என்று ஒரு தம்பி கேட்பது காதில் விழுகிறது. வரலாம். ஓர் ஏமாற்றுக்காரரோடு கிளினிக்குக்கு துணைக்குப் போனால் நமக்கு நஷ்டம் அரை நாளும் எல்ஆர்டி காசும். உண்மையானவரைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடத் தெரியவில்லை எனக்கு. வாடகை, மருத்துவச் செலவு போன்ற பெரிய தொகைக்கு விசாரித்துத்தான் ஆக வேண்டும், சங்கப் பணம் அது. அந்த விசாரணையை அனுபவமுள்ள அமைப்புகளிடம் விட்டுவிடலாம்.

ஜூன் 26 சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கான ஐ.நா. தினம். அன்றைக்கு நிகழ்ச்சி வைத்தால், தயவுசெய்து யாரையும் மேடையேற்றி “உங்க கதையைச் சொல்லுங்க” என்று மைக்கைக் கொடுக்காதீர்கள். போட்டோவும் வேண்டாம், ஊரில் அவருடைய அம்மா அப்பா இன்னும் இருக்கலாம். அதற்குப் பதிலாக, வாரம் ஒரு காலை மருத்துவமனை கவுண்டரில் பாரம் நிரப்பிக் கொடுக்க இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள். மலாய் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் போதும்.