எழுதிவைத்தால் சொன்னதாகுமா?

கட்டளையின் கடைசியில் 2 என்று ஓர் எண், ஒட்டினாற்போல இரண்டு அம்புக்குறி, பிறகு ஒரு கோப்பின் பெயர். அவ்வளவுதான். புரோகிராம் புலம்புவதெல்லாம் இனி திரையில் வராது. லாக் கோப்பில் வரிவரியாகப் போய்ச் சேரும். மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதை எத்தனை தடவை அடித்திருப்பேனோ, கணக்கில்லை. அடித்ததும் திரை சுத்தமாகிவிடும். மனசும்தான். அந்த நிம்மதி யோக்கியமானதா?

ஆரம்பத்தில் யுனிக்ஸில் பிழைச் செய்திக்கென்று தனி வழி கிடையாது. 1970களில் பெல் ஆய்வகத்தில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்பிய வேலை, 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்கிற ஒற்றை வரியை அழகாக அச்சடித்துக்கொண்டு திரும்பி வந்தது. அதன் பிறகுதான் பிழைக்குத் தனி ஓடை வெட்டினார்கள். 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழை. மற்றதை எங்கே திருப்பினாலும் பிழை மட்டும் மனுஷன் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் பிறந்த ஓடை. நாம் அதையும் திருப்பிவிட்டோம்.

திருப்புவது தப்பில்லை. ராத்திரி 2 மணிக்கு ஓடும் வேலைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கப்போகிறார்கள்? 'டெவ் நல்' பாதாளத்தில் தள்ளிவிடுகிறவனுக்கு எழுதிவைக்கிறவன் மேல். ஆனால் 'எழுதிவெச்சிருக்கேனே' என்பது 'சொல்லிட்டேனே' ஆகிவிடுமா?

பிரிட்டன் தபால் நிலையங்களில் ஃபுஜிட்சுவின் ஹொரைசன் மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை, அந்தக் கணக்கை நம்பி, 900க்கும் மேற்பட்டவர்களைத் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டித்தார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். உதவி எண்ணில் அழைத்த பலருக்கு, 'இந்தப் பிரச்னை உங்களுக்கு மட்டும்தான்' என்று பதில் வந்தது. இத்தனைக்கும் 'தெரிந்த பிழைகள்' என்றே ஒரு பதிவேடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது. பிழை பதிவாகத்தான் செய்தது. சொந்தக் காசைப் போட்டுக் கணக்கை நேர்செய்துகொண்டிருந்தவரின் கண்ணுக்குத்தான் அது வரவில்லை.

சித்தப்பா நெய்வேலிக்கு ஷிப்ட் போனவர். லாக் புக்கில் எழுதினாலும், அடுத்த ஷிப்ட்காரர் வந்ததும் வாயாலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாராம். "அதான் புக்குல இருக்கே சித்தப்பா, அப்புறம் எதுக்கு?" என்றேன்.

"புக்கு என்னைத் திருப்பிக் கேள்வி கேக்காதுடா."

இப்போது லாக் கோப்பு காலியாக இல்லாத நாளில், காலை 7 மணிக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. போன வாரம் இரண்டு நாள் அதைத் திறக்காமலே விட்டிருக்கிறேன்.