காத்தல் என்பது யாது?

பழம்பொருள் ஒன்றைக் காக்கிறோம் என்று சொல்லும்பொழுது நாம் காப்பது எதனை? அதன் உருவத்தையா, அதன் தொழிலையா? இவ்வினா அருங்காட்சியகத்தாருக்கே உரியது என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். மும்பையில் நமக்கு நன்கு பழக்கமான பெரியவர் ஒருவரின் மோட்டார் வண்டி அவ்வெண்ணத்தை மாற்றியது.

அவ்வண்டி ஜாகுவார் எக்ஸ்ஜே6. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து நிறுவனம் அவ்வகையை 1968 செப்டம்பரில் வெளியிட்டது. அந்நிறுவனத்தை வளர்த்து உருவாக்கிய சர் வில்லியம் லயன்ஸ் 1972-இல் ஓய்வு பெற்றார். அவர் தம் கண்பார்வையில் உருவாக்கிய கடைசிப் பயணக் கார் இதுவே. பெரியவரிடம் இருப்பது 1970-ஆம் ஆண்டு வண்டி. 4.2 லிட்டர் கொள்ளளவும், வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட அதன் எஞ்சினுடைய அடிப்படை அமைப்பு 1948-இலேயே பிறந்துவிட்டது. பெட்ரோலுக்கு இரு தொட்டிகள், பின்புறம் பக்கத்துக்கு ஒன்றாக. பின் பிரேக்குகள் சக்கரங்களோடு இல்லாமல் நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்துள்ளன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை அதனால் குறைகிறது. பள்ளத்தின் அதிர்ச்சி உள்ளே இருப்பவரை மெல்லவே எட்டுகிறது.

பழைய வண்டிகளின் அணிவகுப்பு ஒன்றிற்கு ஞாயிறு விடியலில் மாதுங்காவிலிருந்து புறப்பட்டபோது, சிறிது தூரம் அதனை ஓட்டும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஐம்பது வயது கடந்த இயந்திரத்திடம் நாம் எதிர்பார்த்தது முனகலும் நடுக்கமும். கண்டதோ வேறு. ஸ்டியரிங் ஒரு விரலின் விருப்பத்தையும் அறிந்துகொண்டது. கதவுகள் ஓசையின்றிப் பொருந்தின. கடற்கரைச் சாலையின் மேடு பள்ளங்கள் செய்தியாக வந்தனவேயன்றித் துன்பமாக வரவில்லை. வியந்து பாராட்டினோம். பெரியவர் சிரித்தார். “இது என் வண்டியில்லை சார், மிஸ்திரியின் வண்டி. நான் ஓட்ட மட்டும் செய்கிறேன்” என்றார்.

அது வெறும் அடக்கமொழி அன்று. விலை கொடுத்தால் சொகுசு வண்டியை வாங்கலாம். சீராக ஓடும் பழைய வண்டியை அவ்வாறு வாங்க இயலாது. இருபத்தைந்து ஆண்டுகளாக ஒருவர் காதால் கேட்டும் கையால் தடவியும் திருத்திய ஆயிரம் சிறு பிழைகளின் இன்மையே நாம் அன்று நுகர்ந்த இன்பம். உழைப்பு முற்றும் வெற்றி பெற்றபின் உழைத்தவரின் சுவடு மறைந்துவிடுகிறது. ஆகவே பாராட்டு உடைமையாளருக்குச் செல்கிறது.

அண்மையில் அவ்வீட்டில் ஓர் அறச்சிக்கல் எழுந்தது. பெரியவருக்கு முழங்கால் வலி, மகன் வெளிநாட்டில். நட்சத்திர விடுதி ஒன்று பெருந்தொகை தருவதாகச் சொன்னது. வண்டியை முன்கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் நிறுத்துவார்கள். மழையில்லை, தூசியில்லை, விபத்து அச்சமில்லை. நம்மைக் கருத்துக் கேட்டபோது, சற்றும் தயங்காமல் “கொடுத்துவிடுங்கள்” என்றோம். அருகில் நின்ற மிஸ்திரி மட்டும் ஒப்பவில்லை. நிறுத்திவிட்டால் ஆறு மாதத்தில் அது தமக்கே தெரியாத வண்டியாகிவிடும் என்றார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. ஓடாத வண்டியில் ரப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கும். பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். பிரேக்கின் உருளைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் எடை தாங்கிய டயர்கள் வடிவம் இழக்கும். பயன்பாடு தேய்க்கிறது, பயனின்மை அழுகச் செய்கிறது. தேய்ந்ததை மாற்றலாம். அழுகியது வெளியே தெரிவதேயில்லை. கண்ணாடிக்குள் பளபளத்துக்கொண்டே அழுகும்.

மாற்றலாம் என்று சொன்னவுடன் அடுத்த வினா எழுகிறது. மாற்றிக்கொண்டே போனால் அது அதே வண்டிதானா? இது மிகப் பழைய ஐயம். மிலிந்த மன்னனிடம் நாகசேனர், தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று வினவிய செய்தியைப் பாலி நூல் கூறுகிறது. பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட தீசியஸின் கப்பல் குறித்து அறிஞர்கள் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதினார். கழற்றிய பழம்பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பலைக் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் முடிச்சை மேலும் இறுக்கினார்.

இவ்வினா இன்று நம் சட்டத்திலும் இடம் பெற்றுள்ளது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி மூல வடிவில் பேணப்பட்டு, பெரும் மாற்றத்துக்கு உள்ளாகாமல் இருந்தால் அதனைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்யலாம் என்கின்றன. மூல வடிவம் எது என்பதை வரையறுப்பது எளிதன்று. இந்நாளில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்கள் அதனைத் தாங்கா. கசிந்து தீப்பற்றவும் கூடும். அக்குழாயைப் “பழமை” என்று விட்டுவைப்பவர் வண்டிக்கு உண்மையானவர் அல்லர், குழாய்க்கு உண்மையானவர். வண்டியைக் காக்க விரும்புபவர் குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

அப்படியாயின் எல்லை எங்கே? மிஸ்திரியின் அலமாரியில் ஒரு நீளக் கணக்கு நோட்டைக் கண்டோம். எந்த நாளில் எப்பகுதி கழற்றப்பட்டது, எது போடப்பட்டது, ஏன் என்பதெல்லாம் அதில் தேதியோடு உள்ளன. புதுப்பகுதியைப் பழையதென்று காட்ட முயன்ற வரி ஒன்றும் இல்லை. நாம் தேடிய விடை அங்கே கிடைத்தது. மாற்றுதல் குற்றமன்று, மாற்றியதை மறைத்தலே குற்றம். பொருள் தன் பணியைத் தொடர்வதற்காகச் செய்யப்படும் மாற்றம் காத்தலின் பகுதி. பிறரை மயக்கி விலை உயர்த்துவதற்காகச் செய்யப்படும் மாற்றம் களவின் பகுதி.

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாக எண்ண வேண்டும். அவ்வண்டி பிறந்த காலத்தில் புகையைத் தூய்மைப்படுத்தும் கருவி அதில் இல்லை. நம் இன்பத்தின் கழிவு நடைபாதையில் செல்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. எனவேதான் அவ்விதிகள் இவ்வண்டிகளைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் பராமரிப்புக்கும் இவை போன்றவற்றுக்கும் மட்டும் சாலையில் அனுமதித்து, அன்றாட ஓட்டத்தைத் தடுக்கின்றன. இதனை இடையூறு எனக் கருதலாகாது. உயிர் நிற்கும் அளவு ஓடுவது வண்டிக்கு உரிய நீதி; அதற்கு மேல் ஓடாதிருப்பது அயலாருக்கு உரிய நீதி.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இச்சிந்தனை புறம்பானதன்று. நாமும் ஒரு பழஞ்சொத்தைக் கொண்டு வந்திருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை மேடையில் ஏற்றி மாலையிட்டு, பிறகு பூட்டி வைத்தால் தமிழும் முன்கூடத்து வண்டியாகிவிடும். வீட்டில் குழந்தை மராத்தியும் இந்தியும் கலந்து தவறாகப் பேசும் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும் தமிழ். அதனைத் திருத்தலாம். பேசாத நாவைத் திருத்த எந்த மிஸ்திரியாலும் ஆகாது. நகைத்துத் திருத்தினால் குழந்தை நாணி வாய் மூடிக்கொள்ளும் என்பதையும் நாம் மறத்தலாகாது. காதால் கேட்டு, பொறுமையாக, ஒவ்வொரு சிறு பிழையாகத் திருத்தும் கை வேண்டும். அக்கைக்குப் பெயரும் கிடைக்காது, புகழும் கிடைக்காது.

பெரியவரிடம் மீண்டும் சென்று, அவசரப்பட்டுச் சொன்ன நம் கருத்தைத் திரும்பப் பெற்றோம். அதற்குள் அவரே முடிவு செய்திருந்தார். விடுதி சொன்னதில் பாதித் தொகைக்கு, அதே மிஸ்திரியிடம் வண்டியைக் காட்டி வர ஒப்புக்கொண்ட ஓர் இளைஞருக்கு அதனை அளித்தார். இழந்த தொகை அவருக்குச் சிறிதன்று. அதனை அவர் மறைக்கவும் இல்லை. சாவியைக் கொடுக்கும் முன் அந்த நோட்டை எடுத்து இளைஞரின் கையில் வைத்தார். எழுதப்படாத பக்கங்கள் அதில் இன்னும் நிறைய இருந்தன.