அழியும் கோலம்... அழியாத பூஜை!

காலையில் வாசல் தெளித்து, ஆசையாகக் கோலம் போடுகிறோம். எட்டு மணிக்குள் பால்காரர், பேப்பர்காரர், பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் என ஆளாளுக்கு மிதித்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் நின்று சமைத்தது, அரை மணியில் காலி! துலக்கிய பாத்திரம் மறுபடி தொட்டிக்கே வருகிறது. 'இத்தனை வருஷம் உழைத்ததில் என்ன மிஞ்சியது?' என்ற ஏக்கம் உங்களுக்கும் வந்ததுண்டா?

நியாயமான கேள்விதான். மிஞ்சி நிற்பதற்கே மதிப்பு என்பது உலகத்தின் கணக்கு. இறைவனின் கணக்கு வேறு. அதைச் சொல்கிறது பூசலார் நாயனாரின் கதை.

சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில், ஆவடிக்கு அப்பால் உள்ளது திருநின்றவூர். அங்கே வாழ்ந்த பூசலாருக்கு, சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசை. கையிலோ பொருள் இல்லை. மனம் தளராமல், மனதுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். நல்ல நாளில் அஸ்திவாரம், பிறகு விமானம், சிற்பம், சுதை வேலை, கிணறு, மதில், குளம்... எல்லாம் முடித்து, பிரதிஷ்டைக்கும் நாள் குறித்தார்.

அதே நாளில்தான் காஞ்சியில், பல்லவ மன்னர் கட்டிய கற்கோயிலுக்கும் பிரதிஷ்டை. மன்னரின் கனவில் தோன்றிய ஈசன், மறுநாள் தாம் பூசலாரின் கோயிலில் எழுந்தருளப் போவதாகவும், அவர் விழாவைத் தள்ளி வைக்கும்படியும் பணித்தார். ஊருக்கு ஓடி வந்து தேடிய மன்னர், அங்கே கோயிலே இல்லை என்று கேட்டுத் திகைத்தார். பூசலாரிடமே விஷயத்தை அறிந்து, அவர் காலில் விழுந்தார் என்கிறது, 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரிய புராணம்.

காஞ்சி கயிலாசநாதர் கோயில்தான் அந்தக் கற்கோயில் என்பார்கள். 1,300 ஆண்டுகளாக நிற்கும் அதையும் ஈசன் ஒதுக்கவில்லை. ஆனால், முதலில் போனது கண்ணுக்கே தெரியாத கோயிலுக்கு! இன்று திருநின்றவூரில் அருளும் ஈசனின் பெயர், இருதயாலீஸ்வரர்.

'அப்படியானால், மனதால் நினைத்தாலே போதுமா?' என்று கேட்கலாம். கவனியுங்கள்... பூசலார் குறுக்கு வழியில் போகவில்லை. நினைவில்கூட ஒரு வேலையையும் விடாமல், முறைப்படி செய்தார். ஈசனை ஈர்த்தது அந்தச் சிரத்தைதான்.

கோலமும் அப்படித்தான். புள்ளி பிசகாமல், இழை அறுபடாமல் போடும் அந்தப் பத்து நிமிடம் மனம் வேறெங்கும் போவதில்லை. அதுவே தியானம். அரிசி மாவு எறும்புக்கு உணவாகும்போது, பிற உயிர்களுக்கு உணவளிக்கும் பூத யக்ஞமும் ஆகிறது. கோலம் கலைந்தாலும், போட்டபோது குவிந்த மனம் நமதுதானே? ஆலயத்தில் மணிக்கணக்கில் செய்த பூ அலங்காரத்தையும் மறுநாள் களைகிறார்கள். அர்ச்சகர் அதற்காக வருந்துவதில்லை. புதிய பூவை எடுக்கிறார்.

மூட்டு வலியால் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறீர்களா? குறையே இல்லை. அதன் முன் ஒரு நிமிடம் நின்று, மனதில் புள்ளி வையுங்கள். பூசலார் காட்டிய வழிதானே!

வேலை எல்லாம் பூஜை என்றால், முழுவதையும் ஒருத்தியே சுமக்க வேண்டும் என்பதில்லை. கணவரும் பிள்ளைகளும் பங்கிட்டுக் கொள்ளட்டும். புண்ணியம் அவர்களுக்கும் சேரட்டும்!

நாளைக் காலை முதல் புள்ளி வைக்கும்போது, அது எத்தனை நேரம் நிற்கும் என்று யோசிக்காதீர்கள். யார் வருகைக்காகப் போடுகிறோம் என்பதை மட்டும் நினையுங்கள்.