படலமும் முழுமையும்

உறுப்பு மாறிய பொருளைப் பழைய பொருள் என்றே சொல்லலாமா என்னும் கேள்வியை இந்தியத் தருக்க மரபுகள் பானை, ஆடை, தேர் முதலியவற்றை முன்னிறுத்தி நெடுங்காலம் வாதித்துள்ளன. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1976இல் வெளியிட்ட எச்பி-1 போன்ற பழைய பிளேனார் மேக்னடிக் ஹெட்ஃபோன்களைச் செப்பனிடும்போது அதே கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. ஏனெனில் மாற்றத்தின் விளைவைக் கண் காட்டுவதில்லை, காதுதான் உணர்த்த வேண்டும்.

இக்கருவியில் மின்னோட்டத்தை ஒலியாக்கும் பகுதி டிரைவர் எனப்படும். தலைமயிரைவிட மெல்லிய நெகிழிப் படலம் ஒன்றின்மீது அலுமினியத் தடம் சுருளாகப் படிந்திருக்க, அப்படலம் துளையிட்ட இரு காந்தத் தகடுகளுக்கு இடையே, அவற்றைத் தொடாமல் விறைப்பாக நிற்கும்; தடத்தில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் அதை முன்னும் பின்னும் தள்ளுவதால் படலம் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. காந்தங்கள் எளிதில் வலுவிழப்பதில்லை. ஆனால் காதுறையின் நுரைப்பஞ்சு காலப்போக்கில் பொடியாகிறது. காந்தம் ஈர்த்த இரும்புத் துகள் துளைவழியே நுழைந்து படலத்தைத் தொட்டு இரைச்சல் எழுப்புகிறது. விறைப்புக் குறைந்த படலம் தொய்கிறது. இறுதியில் தடம் அரித்தோ விரிசல் விட்டோ அறுபட, ஒரு பக்கம் முற்றிலும் ஊமையாகிறது. அலுமினியத்தின்மேல் எப்போதும் ஆக்சைடு படிந்திருப்பதால் சாதாரண சால்டர் அதில் ஒட்டாது. அதன் சூட்டைப் படலமும் தாங்காது. ஆகவே மல்டிமீட்டரால் அறுபட்ட இடத்தைத் தேடிக் கண்டு, மின்கடத்தும் வெள்ளிப் பூச்சை ஊசிமுனையளவு வைத்து இடைவெளியை இணைக்கின்றனர். அது முடியாதபோது வேறொரு பழைய ஹெட்ஃபோனின் டிரைவரைக் கழற்றிப் பொருத்துகின்றனர்.

நியாய வைசேஷிகர் கொள்கைப்படி முழுமை, அதாவது அவயவி, உறுப்புகளின் வெறும் தொகுதியன்று. அவற்றில் தங்கியிருக்கும் தனிப்பொருள். உறுப்பொன்று நீங்கினால் பழைய அவயவி அழிந்து, எஞ்சியவற்றிலிருந்து புதிய அவயவி தோன்றும். பௌத்தர்களோ அத்தகைய தனிப்பொருளையே ஏற்பதில்லை. பாலி நூலான மிலிந்தபஞ்ஹத்தில் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைச் சான்றாக்கி, அச்சும் சக்கரமும் பிறவும் கூடிய நிலையில் வழங்கும் பெயரே தேர் என மிலிந்த மன்னருக்கு விளக்குகிறார். வெள்ளிப் புள்ளி வைத்த படலத்தை நியாயர் புதியது என்பார். பௌத்தர் அதைத் தொடர்ந்துவரும் நிகழ்வுகளின் ஓட்டமாகக் காண்பார்.

இவ்விரண்டில் பௌத்தரின் பார்வையே பழுதுபார்ப்பவரின் பட்டறிவுக்கு நெருக்கமானது. ஹெட்ஃபோனில் கேட்கப்படுவது ஒரு டிரைவரின் ஒலியன்று. பாடுபவர் நடுவிலும் வீணை ஒரு புறத்திலும் இருப்பதாகத் தோன்றும் ஒலிவெளி, இரு டிரைவர்களும் ஒத்து ஒலிப்பதால் மட்டுமே உண்டாகிறது. ஒரு பக்கத்தைச் செப்பனிட்டபின் அதன் ஓசை மற்றதினின்று வேறுபட்டால், பின்புறத் துளைகளை மூடி அதிர்வை அடக்கும் ஃபெல்ட் துணியைக் கூட்டியோ குறைத்தோ இரண்டையும் பொருத்த வேண்டியுள்ளது; சில வேளைகளில் பழுதே இல்லாத பக்கத்தில்தான் கை வைக்க நேர்கிறது. முழுமை உறுப்பில் தங்கும் பொருளானால், நல்ல உறுப்பைத் திருத்துவது அதைக் கெடுப்பதாகும். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது என்னும் பௌத்தக் கோட்பாட்டின்படி பார்த்தால், காக்கப்பட வேண்டியது அவ்விரண்டின் உறவே என்பது விளங்கும். உண்மையான அக்கறையுள்ள கைவினைஞர் செய்வதும் அதுதான்.

ஆயினும் இப்பார்வைக்கும் எல்லை உண்டு. இரண்டு டிரைவர்களும் வெவ்வேறு ஹெட்ஃபோன்களிலிருந்து வந்து, பழைய தலைப்பட்டையில் ஏறும்போது, இடது வலது உறவும் புதிதாகவே அமைக்கப்படுகிறது. முன்பிருந்த ஓட்டத்தில் தொடர்வது சட்டகம் மட்டுமே. பழைய ஒலி மீண்டுவிட்டதாக அங்கே சொல்வதற்கு ஆதாரமில்லை. புதிய அவயவி தோன்றியது என்னும் நியாயரின் முடிவே அவ்விடத்தில் ஏற்கத்தக்கது.