வரத்து அதிகம்

‘பிளெத்தோரா’ என்று ஓர் ஆங்கிலச் சொல். எதுவானாலும் ஏராளமாகக் கிடந்தால் இன்று அதைப் போட்டு எழுதிவிடுகிறார்கள். கிரேக்கத்தில் நிறைவைக் குறித்த சொல், ஆங்கிலத்துக்குள் நோயின் பெயராக நுழைந்தது: உடம்பில் ரத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். வைத்தியம், ரத்தக் குழாயைக் கீறி ரத்தத்தை வடிப்பது. 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கிப் படுத்தபோது ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கும் மேல் வடித்தார்கள். அன்றிரவே போய்விட்டார். பாரிஸ் மருத்துவர் பியர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்குப் பார்த்த பிறகுதான், 1830களில், அந்த வைத்தியத்தின் மேல் சந்தேகம் வலுத்தது.

நம் வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் மிகுதியை நோய்க்குக் காரணமாக வைக்கிறார். கூடவே குறைவையும் வைக்கிறார். தருமபுரி மாவட்டத்து அரூர் பக்கத்தில் தக்காளி போடுகிறவர்களுக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்து போகும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையிலேயே தக்காளி விற்றார்கள். அந்த விலையைப் பார்த்து நட்டவர்களுக்கெல்லாம் அறுபது, எழுபது நாளில் ஒன்றாகப் பழுத்தது. செப்டம்பரில் விலை சரிந்தது. மண்டியில் காரணம் கேட்டால் இரண்டே வார்த்தை: வரத்து அதிகம்.

விலை பாதியானது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு ரசம் வைப்பதில்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாக வந்தாலே விலை தலைகுப்புற விழுகிறது. மரவள்ளி போட்டவருக்காவது தவணை உண்டு. விலை பிடிக்காவிட்டால் கிழங்கைச் சில வாரம் மண்ணிலேயே விட்டு வைக்கலாம். பிடுங்கினால்தான் இரண்டு மூன்று நாளில் கெடும். தக்காளி செடியிலும் காத்திருக்காது. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் கூட்டிப் பார்த்துத் தேறாது என்றால் பறிக்காமல் விடுகிறார்கள். ஆடு மாடு இறங்கித் தின்கிறது. பறித்துவிட்டவர் ரோட்டோரம் கொட்டுகிறார். ரத்தம் வடிக்கும் பழைய வைத்தியம்தான் இதுவும்.

விலையைப் பார்த்து எல்லாரும் நட்டதைப் பேராசை என்று சொல்வது அநியாயம். ஒவ்வொருவரும் போட்ட கணக்கு சரிதான். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதையே போட்டிருக்கிறார் என்பது நட்ட பிறகுதான் தெரிகிறது. நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு மட்டும் இது முன்கூட்டியே ஓரளவு தெரியும். இந்த வாரம் எத்தனை ஏக்கருக்கு நாற்று போயிருக்கிறது என்று தாலுகா வாரியாக எழுதிப் போட, பண்ணை வாசலில் ஒரு கரும்பலகை வைத்தால் போதும்.