பட்டாளத்துச் சம்பாத்தியமும் பிரிந்த மனைவியும்

செனாயைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞன் மலேசியப் பட்டாளத்தில் சேர்ந்து, சாதாரணச் சிப்பாய்க்கு விதிக்கப்பட்ட 21 ஆண்டுச் சேவையை முடித்து, உபகாரச் சம்பளத்துடன் ஊர் திரும்புகிறான் என்றும், அவ்வாண்டுகளில் 15 ஆண்டுகளை அவனுடன் முகாம் முகாமாகக் கழித்த மனைவி பின்னர் விவாகரத்துப் பெற்றுவிட்டாள் என்றும் வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் அவன் கைக்கு வரும் அத்தொகையில் அவளுக்குப் பாத்தியதை உண்டா?

இல்லை என்பாரின் வாதம் அற்பமானதன்று. எல்லைக்காட்டில் உயிரைப் பணயம் வைத்தவன் அவன். மணவாழ்வு முறிந்த பின்னும் அவனுடைய முதுமையில் பிறர் பங்கு கேட்பது அநியாயமாகவே தோன்றும். ஆனால் உபகாரச் சம்பளம் ஆபத்துக்கு மட்டும் தரப்படும் கிரயமா? அப்படியானால் ஓராண்டில் பேராபத்தைக் கண்டவனுக்கும் அது கிட்டியிருக்க வேண்டும். அது ஆண்டுகளின் பலன். அந்த ஆண்டுகளிலோ, ஒவ்வொரு மாற்றலுக்கும் தொழிற்சாலை வேலையை விட்டு, தன் பெயரிலுள்ள ஊழியர் சேமநிதிக் கணக்கு வளராமலே நிற்க, பிள்ளைகளைப் பள்ளிக்குப் பள்ளி இழுத்துச் சென்றவள் மனைவி.

முஸ்லிம் அல்லாதாருக்கு 1982 மார்ச் 1 முதல் அமலிலுள்ள 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பங்கிடுகையில் குடும்பத்தைப் பராமரித்த உழைப்பையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. ஜீவனாம்சம் வேறு: மறுமணம் செய்தால் அது நின்றுபோகும். உபகாரச் சம்பளத்தை இவற்றுள் எதனுடன் சேர்ப்பது என்பதிலேயே தர்மசங்கடம் முழுதும் அடங்கியிருக்கிறது. சம்பாத்தியத்தின் பங்கு என்றால், அவள் மறுபடி மணந்தாள் என்பதற்காக அதைப் பறிக்க நியாயமில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981இல் இராணுவ ஓய்வூதியம் பங்கிடத்தக்கதன்று என்றது. மறு ஆண்டே அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டமியற்றி அதைப் பங்கிடும் அதிகாரத்தை மாநில நீதிமன்றங்களுக்கு அளித்தது. ஆயினும் பங்கு அரசிடமிருந்து நேராக அவள் கைக்கு வரவேண்டுமெனில், 10 ஆண்டு மணவாழ்வும் 10 ஆண்டுச் சேவையும் ஒருங்கே நிகழ்ந்திருக்க வேண்டும். ஒன்பதரை ஆண்டு வாழ்ந்தவள் முன்னாள் கணவனின் கதவைத்தான் தட்டவேண்டும். இந்தியாவிலோ விசித்திரம் வேறு விதம்: பெற்றோரைச் சார்ந்திருந்த, மணவிலக்குப் பெற்ற மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கக்கூடும், மணவிலக்குப் பெற்ற மனைவிக்குக் கிடையாது.

உடன்வாழ்ந்த ஆண்டுகளின் விகிதப்படி பங்கிடுவதே நேர்மையென்று தோன்றுகிறது: 21இல் 15 பங்கு இருவருக்கும் பொது, அதில் பாதி அவளுடையது. இரண்டே ஆண்டில் பிரிந்தவளுக்கு இக்கணக்கு அளவுக்கு மிஞ்சி எதுவும் தராது. காலிழந்தவனுக்குரிய ஊன நஷ்டஈடு மட்டும் இதில் சேரலாகாது. அந்த வேதனை அவனுடையது. ஆனால் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கீடாக ஊனத்தொகையைப் பெற்று முன்னாள் மனைவியின் பங்கைக் குறைக்கும் வழி அமெரிக்காவில் உண்டென்பதால், இவ்விலக்கைக் கவனத்துடன் வரையவேண்டும்.

அவன் மீண்டும் மணந்து மாண்டபின், விதவைக்குரிய தொகையில் முதல் மனைவிக்குப் பங்குண்டா என்ற கேள்வி இதைவிடக் கடினம். பொக்கிஷம் இருமுறை கொடுக்க இயலாது. இறுதிக் காலத்தில் அவனைத் தாங்கியவளின் பங்கைக் குறைப்பதும் கொடுமை. அதைப் பின்னாளைய வழக்குக்கு விட்டுவைக்காமல், விவாகரத்துத் தீர்ப்பிலேயே எழுதிவிடுவது இருவருக்கும் இசைவானது.